மானிட்டர் வாங்கும் முன் லேப்டாப்பின் பக்கவாட்டைப் பாருங்கள்

லேப்டாப்பின் சின்னத் திரையில் எக்ஸெல்லையும் மின்னஞ்சலையும் மாற்றி மாற்றித் திறந்து, குனிந்து குனிந்து கழுத்து பிடித்துக்கொண்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு நல்ல மானிட்டர் வாங்கி மேசையில் வைப்பதற்குள் நான் பட்ட அலைச்சல் கொஞ்சமல்ல. எழுத்து வேலை, கணக்கு வேலை, கோடிங், ஆன்லைன் வகுப்பு என்று நாள் முழுக்க எழுத்துகளைப் பார்ப்பவர்களுக்கு இது உதவும். கேம் விளையாட 240 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 240 முறை படத்தைப் புதுப்பிக்கும் திரை) தேடுபவர்களுக்கு இதில் சரக்கு குறைவு.

கடைக்காரர் பேச்சு ஹெர்ட்ஸ், மில்லி செகண்ட், வளைந்த திரை என்று தொடங்கும். நீங்கள் தொடங்க வேண்டியது உங்கள் கணினி, உங்கள் மேசை, உங்கள் ஊரில் சர்வீஸ் சென்டர் உள்ள பிராண்டுகள் ஆகியவற்றிலிருந்து. இவை தெளிவானால் நூறு மாடல்கள் நாலைந்தாகச் சுருங்கிவிடும்.

1. கணினியில் என்ன போர்ட் இருக்கிறது?

லேப்டாப்பைத் திருப்பிப் பாருங்கள். மானிட்டருக்குப் படம் அனுப்பும் எச்டிஎம்ஐ போர்ட் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. மீதிப் பாதி, அது எந்தப் பதிப்பு என்பது. போர்ட்டின் பக்கத்தில் அதை யாரும் அச்சிடுவதில்லை. லேப்டாப்பின் அடியில் இருக்கும் முழு மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டால் விவரம் கிடைக்கும். எச்டிஎம்ஐ 1.4 என்றால் 4கே திரைக்கு (3840×2160 பிக்சல், அதாவது புள்ளிகள்) 30 ஹெர்ட்ஸ்தான் அனுப்பும். படம் வரும், ஆனால் மவுஸ் அம்பு தத்தித் தத்தி நகரும். ஒரு மணி நேரம்கூட வேலை பார்க்க முடியாது. 4கே திரை 60 ஹெர்ட்ஸில் ஓட எச்டிஎம்ஐ 2.0 அல்லது அதுபோன்ற இன்னொரு வீடியோ போர்ட்டான டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேண்டும். பழைய லேப்டாப்பை வைத்துக்கொண்டு 4கே மானிட்டர் பார்க்கிறவர்கள் இதை உறுதி செய்யாமல் பணம் கட்டாதீர்கள்.

யூஎஸ்பி-சி விஷயத்தில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். வடிவம் ஒன்றாக இருந்தாலும் எல்லா சி போர்ட்டும் வீடியோ அனுப்பாது. சில வெறும் டேட்டாவுக்கு, சில சார்ஜுக்கும் டேட்டாவுக்கும். போர்ட்டின் அருகே டிஸ்ப்ளேபோர்ட் சின்னமோ, தண்டர்போல்ட்டின் மின்னல் சின்னமோ இருந்தால் படம் வரும். சின்னம் இல்லாவிட்டால் விவரக் குறிப்பில் 'டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்' என்று இருக்கிறதா என்று தேடுங்கள். கேபிளும் முக்கியம். போன் சார்ஜருடன் வரும் சி கேபிளில் பெரும்பாலும் வீடியோ போகாது. மானிட்டர் பெட்டிக்குள் வரும் கேபிளையே பயன்படுத்துங்கள்.

ஒரே சி கேபிளில் படமும் வரட்டும், லேப்டாப்பும் சார்ஜ் ஆகட்டும் என்று ஆசைப்பட்டால், உங்கள் சார்ஜரில் எத்தனை வாட் என்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 65 வாட் லேப்டாப்புக்கு 65 வாட்டோ அதற்கு மேலோ கொடுக்கும் மானிட்டர் தேவை. 15 வாட் கொடுக்கும் மாடல்களையும் 'டைப்-சி மானிட்டர்' என்றே விற்கிறார்கள்.

மேக்புக் ஏர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எம்1, எம்2 சிப்பில் வெளித்திரை ஒன்றுதான் நேரடியாக இணையும். எம்3-இல் மூடியை மூடினால் இரண்டு. எம்4-இல் மூடி திறந்திருக்கும்போதே இரண்டு. இரண்டு மானிட்டர் ஆசை இருந்தால் முதலில் சிப் எதுவென்று பாருங்கள்.

டெஸ்க்டாப்பில் தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் கேபிளை அந்தக் கார்டில்தான் செருக வேண்டும், மேலே மதர்போர்டில் இருக்கும் எச்டிஎம்ஐயில் அல்ல. 'மானிட்டர் வேலை செய்யவில்லை' என்று திருப்பி அனுப்பப்படும் புது மானிட்டர்களில் சில இப்படித்தான் போகின்றன. கடைசியில் 'எஃப்' எழுத்துள்ள இன்டெல் பிராசசர் என்றால் மதர்போர்டு போர்ட்டில் படமே வராது. விஜிஏ மட்டுமே உள்ள பழைய கணினி என்றால் விஜிஏ போர்ட்டும் சேர்ந்த மானிட்டரே வாங்குங்கள். மலிவு மாடல்களில் இன்னும் கிடைக்கின்றன.

2. அளவும் துல்லியமும்

கடையில் எல்லோரும் அங்குலம்தான் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது, ஒரு அங்குலத்தில் எத்தனை பிக்சல் என்று. 24 அங்குலத்தில் 1080பி (1920×1080 பிக்சல்) என்றால் சுமார் 92. அதே 1080பியை 27 அங்குலத்துக்கு இழுத்தால் சுமார் 82. 27 அங்குலத்தில் 1440பி (2560×1440) என்றால் 109. அதே அளவில் 4கே என்றால் 163.

இந்த எண்கள் தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு ஆங்கிலத்தில் செய்கிறவர்களைவிட முக்கியம். ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைச்சுழிக் கொம்புக்கும் உள்ள வித்தியாசம் ஒரு சின்னச் சுழிதான். 82 பிக்சல் திரையில் 9 பாயின்ட் எழுத்தில் 'கொடு', 'கோடு' இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். 'ன', 'ண' சுழிகள் அடைத்துக்கொள்ளும். மெய்யெழுத்தின் புள்ளி மேலே ஒட்டிக்கொள்ளும். மெய்ப்புத் திருத்துகிறவர், பத்திர நகல் தட்டச்சு செய்கிறவர், பாடப்புத்தக பிடிஎஃப் படிக்கிற மாணவர் என்றால் 27 அங்குல 1080பியைத் தொடவே தொடாதீர்கள். கடையில் அது பளபளவென்று இருக்கும், ஏனென்றால் அங்கே ஓடுவது கடல், கிளி, பூ என்று ஒரு வீடியோ. நீங்கள் நிற்பது நாலடி தள்ளி. மேசையில் இரண்டடி தூரத்தில் எழுத்தைப் பார்க்கும்போதுதான் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

என் தீர்ப்பு இது: 10,000 ரூபாய்க்குள் என்றால் 22 அல்லது 24 அங்குல 1080பி. அதற்கு மேல் போக முடிந்தால் நேராக 27 அங்குல 1440பி. இடையில் நிற்காதீர்கள். 4கே வாங்கினால் விண்டோஸில் ஸ்கேலிங்கை (எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும் அமைப்பை) 150 சதவீதம் வைத்துத்தான் பார்ப்பீர்கள். எழுத்து அச்சடித்தது போல இருக்கும், ஆனால் திரையில் கொள்ளும் விஷயம் ஏறக்குறைய 1440பி அளவுதான். பழைய மென்பொருள்கள் சில அந்த ஸ்கேலிங்கில் மங்கலாகத் தெரியும். டேலி போன்ற கணக்கு மென்பொருளின் பழைய பதிப்பு ஓட்டுகிறவர்கள் வாங்கும் முன் தெரிந்தவர் யாருடைய 4கே திரையிலாவது ஓட்டிப் பாருங்கள்.

மேக் பயன்படுத்துபவர்களுக்குக் கதை வேறு. 2018-இல் வந்த மொஹாவி பதிப்பிலிருந்து குறைந்த பிக்சல் திரைகளில் எழுத்தைக் கூர்மையாக்கும் முறையை ஆப்பிள் கைவிட்டுவிட்டது. விண்டோஸில் சுமாராகத் தெரியும் 1080பி திரை மேக்கில் இன்னும் மங்கலாகத் தெரியும். முடிந்தால் 4கே.

'வீட்டில் 32 அங்குல டிவி சும்மாதானே இருக்கிறது' என்று கேட்பவர்கள் நிறைய. எச்டி ரெடி டிவி என்றால் அதில் 1366×768 பிக்சல்தான். ஒரு அங்குலத்துக்கு ஐம்பதுகூட வராது. படம் பார்க்கலாம், பத்து வரி படிக்க முடியாது.

3. பேனல்

மானிட்டருக்குள் படத்தைக் காட்டும் தகடுதான் பேனல்; ஐபிஎஸ், விஏ, டிஎன் என்பவை அதன் வகைகள். ஐபிஎஸ் வாங்குங்கள். பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் நிறம் மாறாது, எழுத்து வேலைக்கு ஏற்றது. இருட்டறையில் மூலைகளில் லேசான வெளிச்சம் கசிவது இதன் பிறவிக் குணம். விஏ பேனலில் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும், ஐபிஎஸ்ஸின் கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) வழக்கமாக 1000:1 என்றால் இதில் 3000:1 வரை போகும்; ஆனால் கறுப்புப் பின்னணியில் பக்கத்தை உருட்டும்போது எழுத்து பின்னால் இழுத்துக்கொண்டு வரும். இரவில் படம் பார்ப்பதுதான் முக்கிய வேலை என்றால் விஏ சரி. டிஎன் பேனல் மலிவு என்பதைத் தவிர சொல்ல ஒன்றுமில்லை.

4. பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பவை

'1 மில்லி செகண்ட்' என்பது ஒரு புள்ளி நிறம் மாற எடுக்கும் நேரம்; குறிப்பிட்ட ஓர் அமைப்பில் மட்டும் அளந்த எண். 'எச்டிஆர் 10 சப்போர்ட்' என்றால், அதிக வெளிச்சத்தையும் ஆழ்ந்த கறுப்பையும் ஒரே படத்தில் காட்டுவதற்கான அந்த எச்டிஆர் சிக்னலை மானிட்டர் வாங்கிக்கொள்ளும் என்றுதான் பொருள். 250 நிட்ஸ் வெளிச்சத்தில் எச்டிஆரைக் காட்ட அதனால் முடியாது. கோடிக்கணக்கில் சொல்லும் டைனமிக் கான்ட்ராஸ்ட்டைப் படிக்கவே வேண்டாம். உள்ளே வரும் 2 வாட் ஸ்பீக்கர் மீட்டிங்குக்கு ஆகும், பாட்டுக்கு ஆகாது. 75 ஹெர்ட்ஸுக்கும் 100 ஹெர்ட்ஸுக்கும் இடையில் எழுத்து வேலையில் பெரிய வித்தியாசம் இல்லை. 100 ஹெர்ட்ஸ் அதே விலைக்கு வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

சின்ன எழுத்தில் இருப்பதைத் தேடுங்கள். ஸ்டாண்ட் உயரம் கூடிக் குறையுமா? மலிவு மாடல்கள் முன்னும் பின்னும் சாயும், உயராது. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வர வேண்டும். இல்லையென்றால் கழுத்து வலிக்காக வாங்கிய மானிட்டரே கழுத்து வலி கொடுக்கும். ஸ்டாண்ட் உயராவிட்டால் பின்புறம் 75×75 அல்லது 100×100 மில்லிமீட்டர் வெசா துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பின்னால் தனியாக ஓர் ஆர்ம் (திரையைத் தாங்கி உயர்த்தும் கை) மாட்டிக்கொள்ளலாம். கடைசியாக வெளிச்சம்: ஜன்னலுக்கு எதிரே மேசை போட்டிருப்பவர்கள் 300 நிட்ஸுக்குக் குறையாமல், பளபளப்பில்லாத மேட் திரையாகப் பாருங்கள்.

5. செலவு

நான் விலை விசாரித்தபோது 22 அங்குல 1080பி 7,000 ரூபாயை ஒட்டியும், 24 அங்குல ஐபிஎஸ் 8,000 முதல் 11,000 வரையும், 27 அங்குல 1440பி 15,000-க்கு மேலும், 27 அங்குல 4கே 22,000-க்கு மேலும் இருந்தன. தீபாவளி, ஆடித் தள்ளுபடி, குடியரசு தின விற்பனைகளில் ஆயிரம் இரண்டாயிரம் குறையும். அவசரமில்லை என்றால் காத்திருங்கள். ஜிஎஸ்டி 18 சதவீதம் விலைக்குள்ளேயே சேர்ந்திருக்கும். 32 அங்குலத்துக்கு மேற்பட்டவற்றுக்கு முன்பு 28 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் அவற்றுக்கும் 18தான். பழைய வரியைச் சொல்லி விலை ஏற்றிச் சொன்னால் கேளுங்கள்.

மானிட்டர் விலையோடு இவற்றையும் கூட்டிக்கொள்ளுங்கள்: பெட்டியில் தேவையான கேபிள் இல்லாவிட்டால் 300 முதல் 600 ரூபாய், சி போர்ட்டை எச்டிஎம்ஐயாக மாற்ற நல்ல அடாப்டர் 1,000-க்கு மேல், ஆர்ம் 1,500 முதல் 3,000 வரை, மின்னழுத்தம் திடீரென ஏறினால் காக்கும் ஸ்பைக் கார்டு (spike guard) ஒன்று. கரண்ட் போய்ப் போய் வரும் ஊராக இருந்தால் கடைசியில் சொன்னதை விட்டுவிடாதீர்கள். 24 அங்குல மானிட்டர் சுமார் 20 வாட்தான் எடுக்கும், டெஸ்க்டாப்புக்கு வைத்திருக்கும் சாதாரண 600 விஏ யூபிஎஸ்ஸே தாங்கும்.

6. ஆன்லைனா, கடையா?

ஆன்லைனில் விலை குறைவு. ஆனால் 'ஆர்டர்' அழுத்தும் முன், அந்தப் பொருளின் ரிட்டர்ன் நிபந்தனையைத் திறந்து படியுங்கள். பணம் திரும்பக் கிடைக்குமா, மாற்றித் தருவார்களா, அல்லது பிராண்டின் டெக்னீஷியன் வந்து பார்த்துச் சான்றிதழ் கொடுத்தால்தானா என்பது பொருளுக்குப் பொருள், விற்பவருக்கு விற்பவர் மாறும். ஏழு நாள் என்று போட்டிருந்தால், டெக்னீஷியன் வருவதற்குள்ளேயே நாலு நாள் போய்விடும். எனக்கு வந்த முதல் மானிட்டரில் திரை நடுவே ஒரு பச்சைப் புள்ளி அணையாமல் எரிந்தது. விற்றவர் பிராண்டைக் கைகாட்டினார், பிராண்ட் 'ஒரு புள்ளி எங்கள் கணக்கில் குறையே இல்லை' என்றது. மாற்றி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அந்த பதில் பொய்யில்லை என்பதுதான் சங்கடம். ஒரு 1080பி திரையில் 20,73,600 பிக்சல்கள். ஐஎஸ்ஓ 9241-307 என்ற தரநிலையை அடிப்படையாக வைத்து, இத்தனை புள்ளிகள் வரை குறையாகக் கணக்கில் எடுக்க மாட்டோம் என்று பல நிறுவனங்கள் வாரண்டியிலேயே எழுதிவிடுகின்றன. வாங்கும் முன் அந்தப் பிராண்டின் 'பிக்சல் பாலிசி'யைத் தேடிப் படியுங்கள். டெல்லின் அல்ட்ராஷார்ப் போன்ற வரிசைகளில் எரியும் புள்ளி ஒன்றே ஒன்று இருந்தாலும் மாற்றித் தரும் திட்டம் உண்டு.

கடையில் வாங்கினால் அங்கேயே போட்டுப் பார்க்கலாம். சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில கடைகள் ஆன்லைன் விலைக்கே இறங்கி வரும். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். உங்கள் லேப்டாப்பையும் கேபிளையும் கையோடு எடுத்துப் போங்கள். பென்டிரைவில் முழுக் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஐந்து படங்களும், சின்ன எழுத்தில் ஒரு தமிழ் பிடிஎஃபும் வைத்திருங்கள். டெமோ பீஸைப் பார்த்துவிட்டு சீல் பிரிக்காத பெட்டியை வாங்கி வருவதில் அர்த்தமில்லை. உங்களுக்குத் தரும் பெட்டியைப் பிரித்து ஓட்டச் சொல்லுங்கள். மறுக்கிற கடை வேண்டாம்.

கார்ப்பரேட் அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய மானிட்டர்களும் அங்கே கிடைக்கும். 3,000-க்கு உயரம் கூட்டிக் குறைக்கும் ஸ்டாண்டோடு 22 அங்குலம் கிடைத்தால் மாணவர்களுக்கு மோசமில்லை. வெள்ளைப் படம் போட்டு, மஞ்சள் படர்ந்திருக்கிறதா, டாஸ்க்பார் நிழல் திரையில் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். அரை மணி நேரமாவது ஓடவிட்டுப் பாருங்கள். சில கோளாறுகள் சூடேறிய பிறகுதான் தலைகாட்டும்.

7. பில்லும் லேபிளும்

பில்லில் கடையின் ஜிஎஸ்டி எண், முழு மாடல் எண், சீரியல் எண், தேதி நான்கும் இருக்க வேண்டும். சீரியல் எண் இல்லாத பில்லை வைத்து வாரண்டி கேட்டால் சர்வீஸ் சென்டரில் சுற்றவிடுவார்கள். பில்லில் உள்ள எண், பெட்டியில் உள்ள எண், மானிட்டரின் பின்புறம் உள்ள எண் மூன்றும் ஒன்றா என்று கடையிலேயே பாருங்கள். 'பில் வேண்டாம் என்றால் ஐந்நூறு குறைக்கிறேன்' என்பார்கள். அந்த ஐந்நூறுக்கு மூன்று வருட வாரண்டியை விற்காதீர்கள். சொந்தத் தொழிலுக்கு வாங்குகிறவர்கள் தங்கள் ஜிஎஸ்டி எண்ணையும் பில்லில் போட்டு வாங்கினால் வரியைக் கழித்துக்கொள்ளலாம்.

பெட்டி லேபிளில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி, இறக்குமதி அல்லது தயாரிப்பு மாதம், வாடிக்கையாளர் சேவை எண் இருக்க வேண்டும். பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் அதன் பக்கத்தில் 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் அது யார் பெயரில் உள்ளது என்று தெரிந்துவிடும். கேள்விப்படாத பிராண்ட் என்றால் இதைச் செய்யாமல் வாங்காதீர்கள்.

வாரண்டியில் ஒன்றைக் கேளுங்கள்: வீட்டுக்கு வந்து பார்ப்பார்களா, நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா? திருவாரூரில் இருப்பவர் திருச்சிக்கு 27 அங்குலப் பெட்டியைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போவதைக் கற்பனை செய்து பாருங்கள். பிராண்டின் தளத்தில் உங்கள் பின்கோடைப் போட்டு சர்வீஸ் உண்டா என்று பார்த்துவிடுங்கள். ஊரில் சர்வீஸ் இல்லாத பிராண்டுக்கு எவ்வளவு நல்ல ரிவ்யூ இருந்தாலும் நான் வாங்க மாட்டேன். திரை உடைந்தால் எந்த வாரண்டியும் தாங்காது.

8. பெட்டி வந்த அன்றே

டெலிவரி ஆள் நிற்கும்போதே பெட்டியில் நசுங்கல், ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பலாம். பிரிப்பதை ஒரே வெட்டில்லாத வீடியோவாக எடுங்கள். முகவரி லேபிளில் தொடங்கி, சீரியல் எண்ணைக் காட்டி, முதல் முறை திரை எரிவது வரை நிறுத்தாமல் ஓடட்டும். திரையைக் கையால் அழுத்திப் பிடித்துத் தூக்காதீர்கள், விளிம்புகளைப் பிடியுங்கள்.

இரவில் விளக்கை அணைத்துவிட்டு, முன்பு சொன்ன அந்த ஐந்து நிறப் படங்களையும் முழுத்திரையில் போடுங்கள். கறுப்பில் எரியும் புள்ளிகள் தெரியும், வெள்ளையில் செத்த புள்ளிகள் தெரியும். தூசியா புள்ளியா என்று சந்தேகம் வந்தால் மைக்ரோஃபைபர் துணியால் லேசாகத் துடையுங்கள். கறுப்பில் மூலையில் வெளிச்சம் தெரிந்தால் கொஞ்சம் பின்னால் தள்ளி, தலையை நகர்த்திப் பாருங்கள். நீங்கள் நகரும்போது குறைந்தால் அது ஐபிஎஸ் குணம், விட்டுவிடலாம். எங்கிருந்து பார்த்தாலும் அதே இடத்தில் கீற்றாக இருந்தால் வெளிச்சக் கசிவு. படம் எடுத்துப் புகார் கொடுங்கள். எல்லா போர்ட்டிலும் ஒருமுறை கேபிளைச் செருகிப் பாருங்கள். இதெல்லாம் முதல் நாளே முடியட்டும், ரிட்டர்ன் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

9. அமைப்புகள்

100 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி 60-இலேயே ஓட்டுகிறவர்கள் ஏராளம். விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய் ரெஃப்ரெஷ் ரேட்டை மாற்றுங்கள். வெளிச்சத்தைக் கம்பெனி வைத்த அளவில் விடாதீர்கள். திரைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்து, இரண்டும் ஒரே அளவு வெளுப்பாகத் தெரியும்வரை குறையுங்கள். எழுத்து பிசிறாக இருந்தால் ஸ்டார்ட் மெனுவில் கிளியர்டைப் என்று தேடி, அது காட்டும் மாதிரிகளில் தெளிவானதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போங்கள். எச்டிஎம்ஐயில் கறுப்பு சாம்பலாக வெளிறித் தெரிந்தால் கிராபிக்ஸ் கார்டு அமைப்பில் ஆர்ஜிபி ரேஞ்ச் 'லிமிடெட்' என்று இருக்கும், 'ஃபுல்' ஆக்குங்கள். விண்டோஸ் கீயோடு 'பி'யை அழுத்தினால் இரண்டு திரையையும் எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்கும், 'எக்ஸ்டெண்ட்' தேர்ந்தெடுங்கள்.

10. மாற்றித் தர மறுத்தால்

போனில் பேசியதற்குச் சாட்சி இல்லை. மின்னஞ்சலிலோ செயலியின் சாட்டிலோ புகார் எழுதி, புகார் எண் வாங்குங்கள். பில், சீரியல் எண் படம், வீடியோ மூன்றையும் இணையுங்கள். பதில் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள், தமிழிலேயே பேசலாம். பல புகார்கள் அங்கிருந்து கம்பெனிக்குப் போனதுமே அசையத் தொடங்கும். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவே மனு போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பெட்டியையும் தெர்மோகோலையும் ரிட்டர்ன் காலம் முடியும்வரை பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்; அவை இல்லாமல் மானிட்டரைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.